சித்தப்பா கையில் கொடுத்த விண்ணப்பம்

எங்கள் வீட்டில் யாரும் க்யூவில் நின்றது கிடையாது. பெரிய பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் இன்னொரு சந்து, அதில் இரண்டு அறை வீடு. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடினால் எங்கள் வீட்டு டிவி கேட்காது. ஆனாலும் க்யூ கிடையாது. ஏனென்றால் ஒவ்வொரு ஆபீஸிலும் எங்களுக்கு ஓர் ஆள் இருந்தார். ஆபீஸர் இல்லை. கதவைத் திறப்பவர், ஃபைலைத் தூக்குபவர், வார்டைப் பெருக்குபவர். ஆஸ்பத்திரியில் அத்தை ஆயா. ரேஷன் டிப்போவில் மாமா மூட்டை இறக்குவார். அப்பா எங்கள் பக்கத்துத் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வ்மேன். நான் படித்த கல்லூரியில் சித்தப்பா அட்டெண்டர். "நம்ம ஆளு இருக்கான்ல, அவன் கையில குடுத்துடு" என்பார்கள். காகிதத்தை ஆள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து டீ குடிப்போம். வேலை நடக்கும். எத்தனையோ முறை நடந்திருக்கிறது. அதனால்தான் நான் அவ்வளவு லேசாக ஏமாந்தேன்.

இதைக் கோபமில்லாமல் எழுத வேண்டும் என்று மூன்று முறை உட்கார்ந்தேன். வரவில்லை. கோபத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.யூ.சி.யில், அதாவது ப்ளஸ் டூவில், நான் சயின்ஸ் எடுத்தவள். பொண்ணு டாக்டராகப் போகிறாள் என்று அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற இடத்திலெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நுழைவுத் தேர்வில் வந்த மார்க்கைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன். டாக்டர் போய், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி வந்தது. லேபில் நின்று கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து சொட்டு கூடிப் போனால் எனக்கு 'சரி, போ' என்று தோன்றும். கெமிஸ்ட்ரி படிக்கிறவளுக்கு அப்படித் தோன்றவே கூடாது. மார்க் நன்றாகத்தான் வாங்கினேன். மனசுதான் அதில் ஒட்டவில்லை.

இரண்டாவது செமஸ்டரில் வேறு டிபார்ட்மெண்டிலிருந்து ஒரு பேப்பர் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் மேனேஜ்மெண்ட் எடுத்தேன். அந்த நேரத்தில் போனால் மெட்ரோவில் கூட்டம் இருக்காது என்பதைத் தவிர வேறு காரணம் ஒன்றும் இல்லை. முதல் வகுப்பிலேயே அந்த மேடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் தெருவில் இரண்டு இட்லிக் கடை இருக்கிறது, ஒன்றில் கூட்டம் அலைமோதுகிறது, இன்னொன்றில் ஈ ஓட்டுகிறார்கள், ஏன்? எல்லோரும் ருசி, ருசி என்றார்கள். நான் எழுந்து பத்து நிமிஷம் பேசினேன். ருசி இல்லை மேடம், ஸ்கூட்டரை எங்கே நிறுத்த முடிகிறது என்று பாருங்கள், இரண்டாவது தடவை சட்னியைக் கேட்காமலே யார் ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள், காலை ஏழு மணிக்கு டூட்டிக்குப் போகிறவனுக்கு எந்தக் கடை ஆறரைக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். மூச்சு விடாமல் பேசிவிட்டு உட்கார்ந்தேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"நீ எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார் மேடம்.

"கெமிஸ்ட்ரி மேடம்."

"அங்க போய்த் தப்பான கிளாஸ்ல உக்காந்திருக்கே."

அதுவரை என் வாயைப் பற்றி எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான், கொஞ்சம் மூடு. அந்த வாய்க்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். நான் பிறந்ததிலிருந்து பார்த்த கடைகள்தான். ஆனால் அன்றைக்கு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இவன் ஏன் இங்கே இதை வைத்திருக்கிறான் என்று யோசித்தேன். அவ்வளவு குஷி எனக்கு.

இரண்டாம் ஆண்டு தொடங்கிய முதல் வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு இடம் காலி. யாரோ ஒரு பையன் அப்பாவுக்கு மாற்றலாகி ஊரை விட்டுப் போய்விட்டான். முதல் ஆண்டு முடித்த எவரும் வேறு படிப்பிலிருந்து மாறிக்கொள்ளலாம், மார்க் பார்த்துக் கொடுப்பார்கள், விட்டுப்போன இரண்டு பேப்பரைச் சேர்த்து எழுத வேண்டும். விண்ணப்பம், மார்க்ஸ் கார்டு நகல், பெற்றோர் கையெழுத்து, அதோடு ஏன் மாற விரும்புகிறாய் என்று கைப்பட ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பத்து நாள் டைம். அந்தத் தாளை நான் நாலு முறை படித்தேன். அது எனக்காகவே ஒட்டியது மாதிரி இருந்தது.

அந்த ஒரு பக்கத்தை மூன்று நாள் எழுதினேன். அப்பாவைப் பற்றி எழுதினேன். கையில் ஒரு பெரிய இரும்புச் சாவியோடு அவர் தெருத் தெருவாகப் போவார். குனிந்து, தரையில் இருக்கிற வால்வைத் திருகுவார். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்பது அவர் மண்டைக்குள் இருக்கும். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏற நேரமாகும், அதற்குப் பத்து நிமிஷம் கூட. கல்யாண வீடு என்று வந்து கெஞ்சினாலும், எங்கள் தெருக்காரர்களே சண்டைக்கு வந்தாலும், பக்கத்துத் தெரு நிமிஷத்தை எடுத்துக் கொடுக்க மாட்டார். நிர்வாகம் என்றால் என்ன என்று எந்தப் புத்தகமும் படிப்பதற்கு முன்னால் நான் என் அப்பாவிடம் பார்த்திருக்கிறேன் என்று முடித்திருந்தேன். எழுதிவிட்டு நானே அழுதேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு அந்த மனுஷன் மேல்.

அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். "இது படிச்சா இன்னா வேலைம்மா?" என்று கேட்டார். "நாலு பேர வேலை வாங்கற வேலைப்பா" என்றேன். "அத இப்பவே நல்லாத்தான் பண்ற" என்று சிரித்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே கவரை எடுத்துக்கொண்டு அடுத்த சந்திலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தப்பா யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகள், என் தங்கச்சி, கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட மூன்று மாதம் சின்னவள். அதே கல்லூரியில் பி.ஏ. என்னை 'வாடி போடி' என்றுதான் பேசுவாள்; ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் 'அக்கா' வரும். சின்ன வயசிலிருந்து அவளுக்கு வாய் கிடையாது. ஸ்கூலில் டீச்சர் அவளைக் கேட்டால் நான் எழுந்து பதில் சொல்வேன். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட என்னைத்தான் இழுப்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மெட்ரோ ஏறுவோம், ஒன்றாகத்தான் இறங்குவோம்.

சித்தப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு கையாலும் கவரை வாங்கினார். "நாளைக்குக் காத்தால மொத ஃபைலு ஒன்னுதுதான். போய் நிம்மதியாத் தூங்கு போ" என்றார்.

தங்கச்சி தலையைத் தூக்கி, "பி.பி.ஏ.வா? சக்கத்தா, சூப்பரா இருக்கும்ல?" என்றாள். அரை மணி நேரம் உட்கார்ந்து இட்லிக் கடைக் கதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து மேடம் என்னை வராண்டாவில் பார்த்து, அப்ளிகேஷன் கொடுத்தாயா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். "ரிசீவ்ட் சீல் போட்ட காப்பி வாங்கி வெச்சிருக்கியா?" என்றார். "அட்டெண்டர் எங்க சித்தப்பாதான் மேடம்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா! "யாரா இருந்தாலும் சீல் வாங்கு" என்றார் அவர். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பாவம், இவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து என்னை ஸ்கூலுக்குக் கூட்டிப்போன மனுஷனிடம் போய், வாங்கிக்கொண்டதற்குச் சீல் குத்திக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? எங்கள் வீடுகளில் அது கெட்ட வார்த்தை சொல்வதற்குச் சமம். கேட்டிருந்தால் அத்தனை பேரும் என்னைத்தான் திட்டியிருப்பார்கள்.

அதே வாரம் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். "அக்கா, ஒன் லெட்டரோட ரஃப் காப்பி இருக்கா? எனக்கு இங்கிலீஷ் ஒழுங்கா எழுதவே வர மாட்டேங்குது. பாத்துப் பழகிக்கிறேன்" என்றாள். 'அக்கா' என்றாளே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. ரஃப் காப்பியைக் கொடுத்தேன். மேனேஜ்மெண்ட் நோட்ஸையும் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தேன். நல்லா கவனித்தாள். பி.ஏ. பாடத்தைக்கூட அவள் அப்படிக் கவனித்து நான் பார்த்ததில்லை.

சித்தப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் "போய்ச் சேந்துச்சா சித்தப்பா?" என்று கேட்பேன். "ஆயித்தும்மா, ஆச்சு, டேபிள்ல இருக்கு" என்பார். அப்பாவிடம், "சித்தப்பா ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்பேன். "ம்" என்பார். அந்த ஒரு எழுத்துக்கு மேல் அந்த ஒரு வாரத்தில் அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. டூட்டி அலுப்பு என்று நினைத்தேன்.

பதினோராவது நாள் போர்டில் தாள் ஒட்டினார்கள். ஒரே ஒரு பெயர். என் தங்கச்சியின் பெயர்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா பெயர், ஒரே ஏரியா, பெயரை மாற்றி அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இதைச் சொன்னால் தங்கச்சி எப்படிச் சிரிப்பாள் என்றுகூட யோசித்தேன். திருத்தச் சொல்லலாம் என்று ஆபீஸுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக க்யூவில் நின்றேன்.

கவுண்டரில் இருந்த மேடம் கன்னடக்காரர், நல்ல மாதிரி. ரெஜிஸ்டரைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். "ஒந்தே அர்ஜி பந்திரோது" என்றார். ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்ததாம். என் பெயரில் எதுவும் வரவில்லையாம். இல்லை மேடம், நான் கொடுத்தேன், முதல் ஆளாகக் கொடுத்தேன் என்றேன். யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டார். அட்டெண்டரிடம் என்றேன். அவர் ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்த ஒரு பக்கத்தைப் படித்தேன். தங்கச்சியின் கோழிக் கிறுக்கல் எழுத்து. கையில் இரும்புச் சாவி. தரையில் வால்வு. மேட்டுத் தெருவுக்குப் பத்து நிமிஷம் கூட. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து கெஞ்சினது. ஒரு வாக்கியம் விடவில்லை, ஒரு கமா விடவில்லை. ஒரே ஒரு வார்த்தையைத்தான் மாற்றியிருந்தாள். நான் 'என் அப்பா' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'என் பெரியப்பா' என்று அர்த்தம் வருகிற மாதிரி அங்கிள் என்று போட்டிருந்தாள்.

கவுண்டர் மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பின்னால் நின்றவன், ஆச்சா, ஆச்சா என்று அவசரப்படுத்தினான்.

தங்கச்சியைப் படிக்கட்டில் பிடித்தேன். என்னைப் பார்த்ததுமே அவள் முகம் செத்துப்போய்விட்டது.

"எப்ப இருந்துடி?" என்றேன்.

"அப்பாதான்டி... எனக்கு ஒன்னும் தெரியாது... நீ குடுத்துட்டுப் போனப்புறம், என்கிட்ட, 'நீயும் போடேன்'னாரு. நீயும் நானும் ரெண்டு பேரும் போட்டா மார்க்ல நீதான் வருவே. அதான் ஒன்னுது அவரு..."

"அவரு?"

"வூட்லயே இருக்கு. பீரோவுல."

"என் லெட்டர ஏன்டி எழுதினே? ஒனக்குன்னு சொந்தமா ஒரு வரி இல்லையா?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "நீ எவ்ளோ நல்லா எழுதியிருந்தே. அத மாத்த எனக்கு மனசே வரலடி."

அறைந்திருப்பேன். கையை ஓங்கிவிட்டேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அடித்துக்கொள் என்பது மாதிரி அப்படியே நின்றாள். சின்ன வயசில் டீச்சர் முன்னால் எப்படி நிற்பாளோ அதே மாதிரி. கையைக் கீழே போட்டேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

கவுண்டர் மேடத்திடமே திரும்பப் போனேன். மூன்று நாளுக்குள் நடந்ததை எழுதிக் கொடுத்தால், அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டால், வைஸ் பிரின்சிபால் விசாரிப்பார் என்றார். என் மார்க்தான் அதிகம், அதனால் இடம் எனக்கு வரும். "ஆனா அட்டெண்டர் கதை முடிஞ்சுதும்மா, ரிட்டையர்மெண்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு அந்தாளுக்கு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். முடியட்டும் என்றேன். லைப்ரரியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். அதை மூன்று நாள் எழுத வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் அப்பா சாப்பிட வருகிற நேரத்துக்கு வீட்டில் இருந்தேன். அம்மா கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அடப்பாவி! கூடப் பொறந்தவன் பொண்ணுக்கா இப்படிப் பண்ணுவான்?" என்று வாயில் அடித்துக்கொண்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

தாளையும் பேனாவையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "சைன் போடுப்பா."

"வேணாம்மா. கிரிகிரி பண்ணாத, ரகளை வேணாம். வுட்டுடு."

"இன்னாப்பா வுடறது? ஒன் தம்பி என் அப்ளிகேஷனத் தூக்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு!"

"தெரியும்."

அம்மாதான் முதலில் கேட்டாள். "இன்னாது தெரியும்?"

"அன்னிக்கு மறுநாளே வால்வாண்ட வந்து நின்னு அழுதான். அவளுக்கு பி.ஏ. ஏறல, வூட்ல படுத்துப் படுத்து அழுவுறா, இத வுட்டா படிப்ப நிறுத்திருவான்னான். கால்ல வுழப் போனான்மா. நான் இன்னா பண்றது?" அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்க போட்டாலும் பொழச்சுக்குவ. நீ கெட்டிக்காரி. அது வாயில்லாப் பூச்சி."

ஒரு வாரம். வாரம் முழுக்க 'சித்தப்பா ஏதாச்சும் சொன்னாரா' என்று நான் கேட்டபோதெல்லாம் 'ம்' என்று சொன்னாரே, அந்த ஒவ்வொரு 'ம்'மும் எனக்குத் திரும்பக் கேட்டது. இப்போதும் எழுதும்போது கேட்கிறது.

"கெட்டிக்காரியா இருந்தது என் தப்பாப்பா? கல்யாண வூடுன்னு வந்து அழுதா அஞ்சு நிமிஷம் தண்ணி கூட வுட மாட்டியே. இன்னொருத்தன் தெருவுதுன்னு சொல்லுவியே. இது யாருதுப்பா? என்னுதுதானே? நீ எப்படிப்பா எடுத்துக் குடுத்தே?"

"தண்ணி ஊராருது. நீ என் பொண்ணு. உன்கிட்டதான கேக்க முடியும்."

"கேக்கவே இல்லையே!" என்று கத்தினேன். எதிர்வீட்டு மிக்ஸி நின்றது. "கேட்டிருந்தா ஒருவேளை குடுத்துக்கூட இருப்பேன். கேட்டியா நீ?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். சோறு அப்படியே இருந்தது. அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, "பேனா எங்கடி?" என்றாள். எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவள் பெயரைத் தமிழில் போட்டாள். அவள் இதற்கு முன் அப்பாவை மீறி எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

மறுநாள் மனுவைக் கொடுத்தேன். சீல் குத்தி வாங்கிக்கொண்டேன். புத்தி வந்துவிட்டதாம் எனக்கு.

அதற்கு மறுநாள் வைஸ் பிரின்சிபால் கூப்பிட்டார். அப்பாவையும் போன் போட்டு வரவழைத்திருந்தார்கள். நான் போனபோது அப்பா டூட்டி காக்கியோடு அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் சித்தப்பா. அது அவருடைய டூட்டி, கதவைத் திறந்துவிடுவது. எங்கள் இருவருக்கும் அவர்தான் திறந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தார். வந்துவிட்டார் அல்லவா, இனி அப்பா எனக்காகப் பேசுவார் என்று அந்தக் கதவைத் தாண்டும்போதுகூட நான் நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பது? அப்பா அல்லவா?

வைஸ் பிரின்சிபால் என் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கன்னடத்தில் கேட்டார். உங்கள் மகள் கொடுத்த விண்ணப்பத்தை அட்டெண்டர் ஆபீஸில் சேர்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாள், உங்களுக்கு என்ன தெரியும்?

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் ஆபீஸில் இன்ஜினியர் முன்னால் நிற்பாரே, அப்படி. நல்ல சுத்தமான கன்னடத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார். தம்பி மேல் எந்தத் தப்பும் இல்லை சார். நான்தான் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன். என் மகள் கெமிஸ்ட்ரியே படிக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். சின்னப் பெண், தெரியாமல் எழுதிவிட்டாள்.

முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் எங்கேயோ நின்று, எந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை என்று பேசி வைத்திருக்கிறார்கள். நான் அம்மாவோடு வீட்டில் உட்கார்ந்து இடம் கிடைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

வைஸ் பிரின்சிபால் என்னைப் பார்த்தார். "அப்பா சொல்றது நிஜமாம்மா?"

அந்த அறையில் ஃபேன் ஓடிய சத்தம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பொய் சார் என்று சொன்னால் இடம் எனக்கு. நான் நினைத்த படிப்பு, நான் பேசப் பிறந்த படிப்பு. பொய் என்று சொன்னால் அந்தக் காக்கிச் சட்டைக்காரர், ஊர் முழுக்க நியாயஸ்தன் என்று பெயர் எடுத்தவர், மேஜைக்கு முன்னால் பொய்யராக நிற்பார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிய கையின் விரல்கள் மட்டும் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தன.

"ஹௌது சார்" என்றேன். ஆமாம் சார்.

அவ்வளவுதான். மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதி ஃபைலை மூடினார். தங்கச்சி அந்த வாரமே பி.பி.ஏ.வில் உட்கார்ந்தாள். நான் பி.எஸ்ஸி.யை முடித்தேன், இப்போது பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில் டப்பா டப்பாவாக நிறம் சரிபார்க்கிறேன். நான் பிழைத்துக்கொள்வேன் என்று அப்பா சொன்னது நடந்துவிட்டது. அதை அவர் எல்லோரிடமும் சொல்கிறார். சித்தப்பா ஓய்வு பெற்றபோது மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. வாயாடி, பிடிவாதக்காரி, மனசில் வைத்துக்கொள்கிறவள் என்றார்கள். ஆமாம், வைத்துக்கொள்கிறேன். வேறு எங்கே வைப்பது?

ஆனால் என் மனசில் இருப்பது சித்தப்பா இல்லை. தங்கச்சியும் இல்லை. அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வந்து, அப்பாவும் நானும் கல்லூரி கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அவர் மெதுவாக என் தலையில் கை வைத்தார்.

"நீ என்னக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா" என்றார்.

தலையிலிருந்து அந்தக் கையை எடுத்து அவரிடமே விட்டேன்.

"நானும் ஒன்னப் பத்தி அப்படித்தான்ப்பா நெனச்சிட்டிருந்தேன்."